கரைத்தூண்டிலும் வீட்டுச் சட்டியும்

இந்த அத்தியாயம் படகு இல்லாதவர்களுக்கு. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் நின்று, கையில் ஒரு நரம்பும் நாலு தூண்டில் முள்ளும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒருவேளைக் குழம்புக்கு மீன் பிடிக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிடிப்பது ஒருவர், சமைப்பது வேறொருவர் என்று வேலையைப் பிரித்தே பழகிவிட்டோம். மீன் கெடுவதற்கு அதுவே முதல் காரணம். கழற்றிய மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் துடிக்கவிட்டு, மதியம் வீட்டில் கொண்டுவந்து கொட்டுகிறவர் பாதி ருசியைக் கரையிலேயே தொலைத்துவிட்டு வருகிறார். அதற்குப் பிறகு எவ்வளவு மசாலா அரைத்தாலும் அது திரும்பி வராது. தூண்டிலிலிருந்து மீனைக் கழற்றுகிறவர்தான் அந்த மீனுக்கு முதல் சமையல்காரர்.

எந்தக் கடல், எந்த மாதம்

மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது. தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. அடியில் மணலும் சேறும் கடல் தாழையுமாக இருக்கும். தென்கடலில் பாறையும் பவளத்திட்டும் அதிகம், அலையும் அதிகம்.

ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்தால் தை வரைக்கும் வடகடல் கலங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் தென்கரைக்குப் போக வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சானும் சோழகமும் வீசும்போது தென்கடல் பொங்கும். அப்போது வடகரை அடங்கியிருக்கும். மண்டபத்துப் படகுக்காரர்களே இப்படித்தான் காற்றைப் பார்த்துக் கரை மாறுகிறார்கள். கரையில் நிற்கும் நமக்கும் அதே கணக்குதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது விசைப்படகுகளுக்கானது, கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அல்ல. ஆனால் அந்த நாட்களில் சினை மீன் மாட்டினால் விட்டுவிடுவது நல்லது. தடை எதற்காக என்பது நமக்கும் தெரியும்தானே.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகக் கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கரையோரத் தாழையில் தற்செயலாகக் கைக்கு அகப்பட்டாலும் எடுக்காதீர்கள். ஆமையும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் அப்படியே. அழகாக இருக்கிறதே என்று உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுப்பதும் வேண்டாம். சில வகைகளுக்குக் கொடிய விஷக் கொடுக்கு உண்டு.

வள்ளம் ஏற்றி இறக்கும் இடத்திலும் வலை விரித்திருக்கும் இடத்திலும் தூண்டில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் முள் அவர்கள் வலையில் மாட்டினால் அதைப் பிரிப்பதில் ஒருவருடைய காலைப்பொழுதே போய்விடும். அரிச்சல்முனைப் பக்கம் இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும். அங்கே தண்ணீரில் இறங்காதீர்கள். காற்று, அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துவிட வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் பேரலை எச்சரிக்கை செய்தியிலும் கைபேசியிலும் கிடைக்கிறது. வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து அடிக்கும் கள்ளக்கடலை மேகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நரம்பும் முள்ளும்

கோலும் சக்கரமும் வைத்த தூண்டில் இப்போது இணையத்தில் வாங்கக் கிடைக்கிறது. இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறையில்லை. தொடங்குகிறவருக்குக் கைத்தூண்டிலே போதும் என்பது என் கட்சி. மீன் தொடுவது நேராக விரலுக்குத் தெரியும், கற்றுக்கொள்வது சீக்கிரம் நடக்கும்.

0.35 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு ஒரு 50 மீட்டர் வாங்கி ஒரு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். நுனியில் 20 முதல் 30 கிராம் வரை ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு கிளை நரம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். முள்ளின் எண் கூடக்கூட முள் சிறுக்கும். கிழங்கானுக்கு 8 அல்லது 10 சரியாக இருக்கும். பாறைக்குட்டிக்கும் கெளிறுக்கும் அதைவிடப் பெரியது வேண்டும். காதுள்ள முள்ளென்றால் நரம்பைக் காதில் நுழைத்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியைக் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் கண்ணியில் விட்டு, எச்சில் தொட்டு மெல்ல இறுக்குங்கள். எச்சில் தொடாமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். சிறு ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஈயம் நஞ்சு. அதற்கு ஒரு குறடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரைக்குச் சந்தையில் கிடைக்கும் சிறு இறால் பெரும்பாலான மீன்களுக்குப் பொருந்தும். தோலை உரித்து, முள்ளின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி சிறு துண்டாகக் கோர்க்க வேண்டும். இரை பெரிதாக இருந்தால் மீன் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். கணவாய்த் துண்டு முள்ளில் நன்றாக நிற்கும். நண்டும் சில்லறை மீனும் சீக்கிரம் பிய்த்துக்கொண்டு போகாது. சூடைத் துண்டுக்கு எண்ணெய் வாடை அதிகம், கெளிறு அதற்கு ஓடி வரும். மடவைக்கு இது எதுவும் வேலைக்காகாது. அது பாசியையும் அடிமண்ணின் மக்கலையும் தின்னும் மீன். மைதா மாவை இறுகப் பிசைந்து கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாக்கி, மிகச் சிறிய முள்ளில் வைத்து, தக்கையோடு மேல்நீரில் விட்டால் சில நேரம் எடுக்கும். உண்மையைச் சொன்னால் மடவைக்கு வீச்சு வலைதான் கருவி.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் வற்றும். நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் கூடும். நீர் ஏறும் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றத் தொடங்கும் முதல் ஒரு மணியும் நல்ல நேரம். வற்றுக்காலத்தில் வெறுமனே கிடந்த மணலில் புழுவும் சிறு நண்டும் இருக்கும். தண்ணீர் ஏறியதும் மீன் அவற்றைத் தேடிக் கரைக்கு வரும். அந்த நேரம் விடிகாலையோடு சேர்ந்து அமைந்தால் தூக்கத்தை விட்டுப் போகலாம். ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வைத்தால் அடுத்த வாரத்துக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்தால் விலகிப்போய்விடும். மிதித்தால்தான் வாலில் இருக்கும் முள்ளால் அடிக்கும்.

கிழங்கான் தொடுவது

இந்தக் கரையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய மீன் கிழங்கான். நீளமாக, உருண்டையாக, மணல் நிறத்தில் இருக்கும். வாய் சிறியது, கூர்மையானது. கூட்டமாக அடிமணலைக் கிளறிக்கொண்டே நகரும். ஒன்று மாட்டினால் அதே இடத்தில் இன்னும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தூண்டிலை வீசி, குண்டு அடியில் உட்கார்ந்ததும், தொய்வு இல்லாமல் நரம்பைச் சுட்டுவிரல் மேல் கிடத்துங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கயிறு இழுக்கிற மாதிரி இறுகப் பிடித்துக்கொள்வார்கள். தேவிபட்டினத்துக் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் பிடியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "தம்பி, நரம்ப இறுக்கிப் புடிக்காத. வெரலு மேல சும்மா கெடக்கட்டும். அவன் தொட்டா ஒனக்குத் தெரியும்."

கிழங்கான் முதலில் இரையைத் தட்டும். விரலில் இரண்டு மூன்று சின்னச் சிமிட்டல் தெரியும். அப்போது இழுக்கக் கூடாது. பிறகு ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அடுத்து நரம்பு பக்கவாட்டில் நகரும், அல்லது இருந்த பாரம் திடீரென்று இல்லாமல் போகும். மீன் இரையோடு உங்களை நோக்கி வந்தால்தான் பாரம் விடும். அந்த நேரத்தில் மணிக்கட்டை மட்டும் திருப்பி ஒரு சுண்டு. முழங்கையிலிருந்து இழுத்தால் அதன் மெல்லிய உதடு கிழிந்து மீன் போய்விடும். மாட்டியபின் நரம்பைத் தொய்யவிடாமல் ஒரே சீராக இழுத்து வர வேண்டும்.

கெளிறு இப்படி நாகரிகம் பார்க்காது. இரையை விழுங்கிவிட்டுத்தான் நகரும். முள் தொண்டைக்குள் போயிருக்கும். அதன் முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் ரம்பம் போன்ற விஷமுள் உண்டு. ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, முதலில் குறட்டால் அந்த மூன்று முள்ளையும் ஒடித்துவிட்டுப் பிறகு தூண்டிலைக் கழற்றுங்கள். இந்த இன மீனில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். வாயைத் திறந்தால் கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள் தெரிந்தால் முள்ளைத் தொடாமல் நரம்பை வாயோரம் வெட்டி அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

ஓரா மீனின் முதுகு, வயிறு இரண்டிலும் உள்ள துடுப்பு முள்ளிலும் விஷம் உண்டு. ஓராவோ கெளிறோ திருக்கையோ குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு சரியா என்று குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது. இந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும், வலி குறையும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும் வெந்நீருக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கரைக்குப் போகும்போது ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போவது நல்ல வழக்கம்.

பேத்தை மாட்டினால் மேலே வந்ததும் வயிற்றை உப்பிக்கொண்டு பந்தாகிவிடும். அதை எக்காரணத்தைக் கொண்டும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. பூனைக்கும் போடாதீர்கள். முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டுவிடுங்கள்.

சிக்கி அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். அது மக்காது. ஆமையின் துடுப்பையும் கடற்பறவையின் காலையும் அறுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும்.

முதல் கால் மணி நேரம்

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள், இந்த அத்தியாயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மீனைத் துடிக்கத் துடிக்கச் சாகவிட்டால் அது தன் தசையில் சேர்த்து வைத்திருக்கும் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டுச் சாகும். தசை சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் இளகிக் குழையும். அதனால் தூண்டிலைக் கழற்றியதும் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேல் ஒரு கட்டையால் பலமாக ஒரு அடி. மீன் அடங்கிவிடும். அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது. உடனே செவுளைத் தூக்கி, செவுளுக்கும் தொண்டைக்கும் நடுவில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டி, வாளியில் இருக்கும் கடல் நீரில் தலைகீழாக ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ரத்தம் வடிந்துவிடும். கவிச்சி என்று நாம் முகம் சுளிப்பதில் பெரும்பங்கு ரத்தத்திலிருந்தும் குடலிலிருந்தும் வருவது. பாறை மீனுக்கு இது மிகவும் அவசியம். கைநீளக் கிழங்கானுக்கு விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது ஐஸ். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் வெயிலுக்கான கணக்கு. தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸைப் போட்டு அதில் கொஞ்சம் கடல் நீரை ஊற்றிக் குழம்பாக்குங்கள். உப்பு நீர் கலந்த ஐஸ் மீனைச் சுற்றிலும் தொட்டுக் குளிரவைக்கும். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்கும். நன்றாகக் குளிர்ந்தபின், வீட்டுக்குக் கிளம்பும்போது தண்ணீரை வடித்துவிட்டு மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் அடுக்கிக்கொள்ளலாம். வயிறு கீறிய மீனாக இருந்தால் உறையில் போட்டு வையுங்கள், உருகிய தண்ணீரில் சதை ஊறினால் சப்பென்று ஆகும்.

ருசி மட்டும் என்றால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். கும்ளா, சூடை, சூரை போன்ற கருஞ்சதை மீன்கள் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் பாக்டீரியாவின் வேலையால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பெடுத்து, தலை வலித்து, வயிறு கலங்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் சொல்வது இதைத்தான். ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, உறைய வைத்தும் போக்க முடியாது. மஞ்சளும் புளியும் வாடையை மறைக்குமே தவிர இதைத் தொடாது. ஐஸ் ஒன்றுதான் வழி.

குடலைக் கரையிலேயே எடுத்துவிடுங்கள், ஓராவுக்குக் கட்டாயமாக. தாழையும் பாசியும் தின்னும் மீன் அது. குடலில் இருப்பது நேரமாக ஆகச் சதைக்குள் இறங்கிவிடும். மீன் அறுத்துக்கொடுக்கும் ஒரு அம்மா என் பெட்டியில் இருந்த ஓராவைப் பார்த்ததும், "வீட்டுக்குக் கொண்டு போயி அறுக்காதீங்க தம்பி, வயித்த இங்கயே எடுத்துருங்க, நாறிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே, காசு வாங்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்தார். அவர் விரல் போன வழியைக் கவனித்தேன். பின்துளையிலிருந்து செவுள் வரை ஆழமில்லாமல் ஒரு கீறல், பிறகு சுட்டுவிரலைக் குடலுக்கு அடியில் கொடுத்துத் தலைப்பக்கமாக ஒரே இழுப்பு. பித்தப்பை உடையவே இல்லை. அது உடைந்தால் பச்சையாக வழிந்து, தொட்ட சதையெல்லாம் கசக்கும்.

வீட்டுக்கு வந்தபின் மடவை, ஓரா இரண்டுக்கும் வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் கல் உப்பு வைத்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்கோட்டை நகத்தால் கீறிக் கழுவுங்கள். கெளிறுக்குச் செதில் இல்லை, வழவழப்பு உண்டு. சாம்பலோ கல் உப்போ போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசினால் போய்விடும். கழுவுவதெல்லாம் முழு மீனாக இருக்கும்போதே முடியட்டும். துண்டு போட்டபின் ஒருமுறை அலசினால் போதும். ஏழெட்டுத் தண்ணீர் மாற்றிக் கழுவுகிறவர்கள் ருசியையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள்.

கிழங்கான் வறுவல்

பிடித்துச் சிறிது நேரத்தில் மீன் விறைத்துக் கட்டைபோல் நிற்கும். அப்போது வறுத்தால் கல்லில் வளைந்துகொள்ளும், தோல் சீராக முறுகாது. ஐஸில் கிடந்து விறைப்பு விட்டபின் வறுப்பதுதான் நல்லது. குழம்புக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

அரை கிலோ கிழங்கானைச் செதில் சீவி, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டு, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, இடித்த மிளகு அரை, பூண்டு விழுது ஒன்று, அரிசி மாவு ஒன்று, உப்பு, கெட்டியான புளிக்கரைசல் இரண்டு தேக்கரண்டி. இதைக் குழைத்துக் கீறலுக்குள் போகும்படி தடவி இருபது நிமிடம் வைத்தால் போதும். இரவு முழுவதும் ஊறவைப்பது இறைச்சிக்குச் சரி. மீன் சதை புளியில் கிடந்தால் வெளுத்துப் பொடிந்துவிடும்.

இரும்புத் தோசைக்கல் நன்றாகச் சூடானபின் எண்ணெய் விட்டு, மீனை வைத்து, தீயை நடுவில் இறக்குங்கள். பிறகு கை வைக்காதீர்கள். அடிப்பக்கம் முறுகியதும் மீன் தானாகவே கல்லை விடும். ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், கரண்டியால் சுரண்டினால் தோல் கல்லோடு போகும். திருப்பிப் போட்டபின் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டு அதன் மேல் மீனை நகர்த்திவிடுங்கள்.

குழம்பு கூட்டுதல்

கடற்கரை வீடுகளில் மீன் குழம்புக்கு வதக்கும் வேலை குறைவு. எல்லாவற்றையும் சட்டியில் கையால் பிசைந்து கூட்டி அடுப்பில் ஏற்றுவார்கள். புதிய மீனுக்கு அந்த முறைதான் எனக்குப் பிடித்தது. வதக்கிய வெங்காயமும் பொரிந்த எண்ணெயும் மீனை அமுக்கிவிடும்.

ஒரு கிலோ பாறை அல்லது கெளிறுக்குப் பெரிய எலுமிச்சை அளவு பழைய புளி, நாலு டம்ளர் தண்ணீரில் கரைத்தது. சின்ன வெங்காயம் 200 கிராம், பாதியை நறுக்கியும் பாதியை நசுக்கியும். பூண்டு பத்துப் பல். நாட்டுத் தக்காளி இரண்டு. மல்லித்தூள் நாலு தேக்கரண்டி, மஞ்சள் அரை. மிளகாய்த்தூள் மூன்று தேக்கரண்டி. இந்த மாவட்டத்தின் குண்டு மிளகாயை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த முண்டு மிளகாயை, வெயிலில் காயவைத்து அரைத்து வைத்திருந்தால் குழம்புக்கு நிறமும் கிடைக்கும், காரம் நாக்கில் நின்று எரியாது. கடையில் வாங்கும் தூளென்றால் அரைக் கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

மண்சட்டியில் வெங்காயம், பூண்டு, தக்காளியைக் கல் உப்போடு சேர்த்துக் கையால் நன்றாகப் பிசையுங்கள், சாறு இறங்க வேண்டும். தூள்களைப் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றிக் கலந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பும் காரமும் புளியும் மூன்றும் இப்போது சற்று மிஞ்சியிருக்க வேண்டும்; மீனும் தேங்காயும் விழுந்தபின் சமமாகிவிடும். அடுப்பில் ஏற்றி இருபது நிமிடம் கொதிக்கட்டும். பச்சை வாடை போய், ஓரத்தில் நுரை அடங்கி, குழம்பு கொழகொழப்பாகும்போது அரை மூடித் தேங்காயை ஒரு தேக்கரண்டி சீரகத்தோடு மைய அரைத்து ஊற்றுங்கள். கெளிறுக்குத் தேங்காயைக் குறைத்துப் புளியைக் கூட்டுவது என் கை வழக்கம். அதன் கொழுப்பே போதுமானது. பங்குனி சித்திரையில் மாங்காய் இருந்தால் புளியில் பாதியைக் குறைத்து நாலு கீற்று மாங்காய் போடலாம்.

தேங்காய் ஒரு கொதி வந்ததும் மீன். தலையும் தடித்த துண்டும் முதலில், வால் துண்டு கடைசியில். மீன் விழுந்தபின் கரண்டி சட்டிக்குள் போகக் கூடாது. துணியால் இரண்டு விளிம்பையும் பிடித்துச் சட்டியை லேசாகச் சுழற்றினால் போதும். ஆறேழு நிமிடம். துண்டின் நடு எலும்பிலிருந்து சதை விலகத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், சட்டியின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்க, கறிவேப்பிலை பொரிய, தாளித்து மேலே கொட்டி மூடி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் சோற்றில் ஊற்ற வேண்டும்.

ஓரா ஆணம்

கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் குழம்பை ஆணம் என்பார்கள். அன்று காலை பிடித்த ஓராவுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணத்தைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழைய மீனை இதில் ஒளிக்க முடியாது. மிளகாய்த்தூளும் புளியும் இல்லாத சமையல், மீன் எப்படி இருக்கிறதோ அப்படியே தெரியும்.

ஒரு தேங்காயிலிருந்து கெட்டிப்பால் ஒரு டம்ளரும் இரண்டாம் பால் இரண்டரை டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் நறுக்கிய சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் ஆறு, தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு போட்டு வெங்காயம் வேகும் வரை மெல்லக் கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். தீயைக் குறைத்துக் கெட்டிப்பாலை ஊற்றி, ஓரம் கட்டி ஆவி வந்ததும் இறக்குங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சைச் சாறு.

நண்டு கிடைத்தால்

தாழை உள்ள இடத்தில் தூண்டிலோடு நீல நண்டு தொங்கிக்கொண்டு வருவதுண்டு. அடிவயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண், குறுகிக் கூராக இருந்தால் ஆண். மடலுக்கு வெளியே சினை பிதுங்கியிருந்தால் யோசிக்காமல் தண்ணீரில் விட்டுவிடுங்கள். நிலாக்காலத்து நண்டில் சதை இருக்காது என்று கரையில் சொல்வார்கள். நான் நிலாவைப் பார்ப்பதில்லை, அடி ஓட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அளவுக்கு மீறிக் கனத்தால் சதை நிறைந்திருக்கிறது.

நண்டு உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும், செத்துக் கிடந்ததைச் சமைக்கக் கூடாது. அரை மணி நேரம் ஐஸில் புதைத்து வைத்தால் மரத்துப்போய்விடும். பிறகு மேல் ஓட்டைப் பிரித்து, பக்கத்தில் விரல் விரலாக இருக்கும் சாம்பல் நிறச் செவுளையும் கண்ணுக்குப் பின்னால் உள்ள சிறு பையையும் எடுத்து எறியுங்கள். சதைக்கால்களைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, சிறு கால்களை மட்டும் ரசத்துக்கு ஒதுக்குங்கள். அவற்றை அம்மியில் ஓட்டோடு நசுக்கி, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒன்று, பூண்டு எட்டுப் பல்லையும் தட்டிப் போட்டு, தக்காளியும் நீர்த்த புளிக்கரைசலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஓட்டுத்தூள் தொண்டையில் சிக்காமல் இருக்க மெல்லிய துணியில் வடிப்பது நல்லது.

வேலை முடிந்தபின்

மறுநாளைக்குக் குழம்பு வைக்கிறவர்கள் மீன் துண்டுகளைத் தனியாக எடுத்துவைக்கத் தேவையில்லை. ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வைத்து, மறுநாள் வேண்டிய அளவு மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கச் சூடு பண்ணுங்கள். வெளியிலேயே வைக்கும் வீடுகளில் இரவு படுக்குமுன் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் கொதிக்கவிடுவார்கள். சித்திரை வெயிலில் அதை நம்ப வேண்டாம்.

தூண்டில் முள்ளையும் குறட்டையும் கத்தியையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். உப்பு ஒரே இரவில் முள்ளின் கூரைத் தின்றுவிடும். நரம்பை விரலிடுக்கில் வைத்து முழு நீளத்துக்கும் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்படும் இடத்தை வெட்டிவிட வேண்டும். மண்சட்டிக்குச் சோப்பு ஆகாது, அதை உறிஞ்சிவைத்து அடுத்த குழம்பில் விடும். வெந்நீரும் தேங்காய் நாரும் கொஞ்சம் அரிசி மாவும் போதும். கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைக்காமல் வாய் மேலே இருக்கும்படி வெயிலில் காயவைத்து, ஈரம் முழுவதும் போனபின்தான் பரணில் ஏற்ற வேண்டும்.